திருத்தாத படங்கள்

அலுவலகத்தில் எல்லோரும் அவனை மூலை என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக்கு வரும் வீடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிற கம்பெனியில் அவன் புகைப்படக்காரன். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறந்த கையோடு ஒரு மூலையைப் பார்த்துப் போவான். சுவரில் முதுகை ஒட்டவைத்து, வயிற்றை எக்கி, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பான். அங்கே நின்று எடுத்தால்தான் புறாக்கூண்டு அளவு அறையும் நாலு பேர் ஓடிப் பிடித்து விளையாடலாம் போலத் தெரியும். சாயங்காலம் வீடு திரும்பும்போது அன்றைக்குப் பார்த்த அத்தனை வீடுகளின் சுண்ணாம்பும் ஒட்டடையும் எண்ணெய்ப் பிசுக்கும் சட்டை முதுகில் அப்பிக் கிடக்கும். அவன் மனைவி அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பாள்.

காலி செய்துவிட்டுப் போன வீடு எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. மூலைக்குத் தெரியும். குளியலறைச் சல்லடையில் யாருடையதோ தலைமுடி பந்து பந்தாகச் சுருண்டிருக்கும். மின்சாரம் நிறுத்திய குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு வாடை வந்து முகத்தில் அறையும். நகம் வெட்டிப் போட்டதைக்கூடப் பெருக்காமல் போயிருப்பார்கள். மெத்தையில் இருக்கிற கறை என்ன கறை என்று யோசிக்க ஆரம்பித்தால் மத்தியானம் சோறு இறங்காது. இதையெல்லாம் மிதித்துக்கொண்டு நின்று, பார்க்கிறவனுக்குக் குடியேற ஆசை வருகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அவனுக்குக் குமட்டியது. பிறகு குமட்டல் நின்றுவிட்டது. நின்றுபோனதுதான் இன்னும் அசிங்கம் என்று அவனுக்கே சில சமயம் தோன்றும்.

கம்பெனிக்கு ஒரு பெருமை இருந்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ‘திருத்தாத படம்’ என்று பொடி எழுத்தில் போடுவார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கறையை அழிப்பது, சுவருக்கு வெள்ளை பூசுவது, ஜன்னலுக்கு வெளியே நீல வானத்தை ஒட்டுவது, இந்த வேலையெல்லாம் மற்ற கம்பெனிக்காரர்கள் செய்வது. இவர்கள் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகள். மேனேஜர் அதை வாய்க்கு வாய் சொல்லுவார்.

அந்த மேனேஜருக்கு ஒரு நாள் கேமராப் பைத்தியம் பிடித்தது. போட்டிக் கம்பெனிக்காரன் ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கிவிட்டானாம். அதுவரை மூலையின் கையில் இருந்தது சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னக் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது, மாட்ட முடியாது. உள்ளே படத்தை வாங்குகிற சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அலமாரியில் இன்னொன்றும் கிடந்தது, படம் எடுக்கும்போது உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி ஏறி இறங்கும் பழைய மாடல். அதன் சென்சார் தபால்தலை அளவு இருக்கும். மேனேஜர் இப்போது வாங்கிவந்த ஃபுல் ஃப்ரேம் அந்தக் கண்ணாடியே இல்லாத புது வகை. அதன் சென்சார் பழைய பிலிம் சுருளில் ஒரு கட்டம் எவ்வளவோ அவ்வளவு பெரிசு.

ஒரு வாரம் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. கேமராவைத் தொட்டே பார்க்காத கணக்குப் பிரிவு ஆள்கூட, “பெரிய சென்சார்னா வெளிச்சம் நிறைய குடிக்கும் சார்” என்று தலையை ஆட்டினான். எந்தச் சென்சார் பெரியது, யாருடைய கேமராவில் எத்தனை புள்ளி என்று டீ குடிக்கிற இடத்தில் ஆம்பளைகள் அடித்துக்கொண்டார்கள். கேட்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் மூலைக்கு உள்ளூர சந்தோஷம். வருஷக்கணக்கில் நகத்தளவு சென்சாரோடு இருட்டறைகளில் மல்லுக்கட்டியவன் அவன். புதுக் கேமராவை முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி முகத்தை ஒரு படம் எடுத்தான். அவள் பார்த்துவிட்டு, “இவ்வளவு சுருக்கமா எனக்கு? அழிச்சிடுங்க” என்றாள். அவன் சிரித்தான். அது ஓர் எச்சரிக்கை என்று அவனுக்குப் புரியவில்லை.

பத்து வீடு போவதற்குள் வீட்டுக்காரர்கள் போனில் கத்த ஆரம்பித்தார்கள். ஒருத்தர், “என் வீட்டைப் பிணவறை மாதிரி எடுத்திருக்கீங்க” என்றார். ஓர் அம்மா, “அந்தச் சுவர்ல இருக்கறதெல்லாம் எதுக்குங்க ஊருக்குக் காட்டணும்?” என்று கேட்டார். பெரிய சென்சார் இருட்டையும் விடுவதில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிற தூசியை, தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றியிருக்கிற துருவை, கூரை ஓரத்து ஈரக்கறையை, எல்லாவற்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது. உள்ளதைக் காட்டியதற்குக் கேமராவைத் திட்டினார்கள்.

மேனேஜர் மூளை வேலை செய்தது. மூலையைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனார். மூன்று கேமராக்களையும் எடுத்துவரச் சொன்னார். அது மூன்றாவது மாடியில் பின்பக்கமாகத் திரும்பியிருந்த ஒற்றை அறை வீடு. வெயில் எட்டிப் பார்க்காத இடம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் ஓடியது. தரையிலிருந்து நெஞ்சு உயரம்வரை அந்தச் சுவர் முழுக்கப் பூஞ்சை. கறுப்பாக, நடுநடுவே பாசிப் பச்சையாக, தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே நுழைந்ததும் மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். மூலைக்குத் தொண்டை கரகரத்தது.

முக்காலியை மூலையில் நட்டு, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மூன்று கேமராவிலும் எடுத்தான். அலுவலகத்துப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். ஃபுல் ஃப்ரேம் படத்தில் பூஞ்சை புள்ளி புள்ளியாக, மயிரிழை சகிதம் உயிரோடு இருந்தது. தபால்தலை சென்சாரின் படத்தில் கொஞ்சம் மங்கல், ஆனால் என்னவென்று தெரிந்தது. நகத்தளவு சென்சாருக்கு அந்த இருட்டு தாங்கவில்லை. அது தட்டுத்தடுமாறி எடுத்த படத்தில் இருட்டுக்குப் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்ததை எல்லாம், பூஞ்சையையும் சேர்த்து, கேமராவே தேய்த்து வழித்து மழமழவென்று ஆக்கியிருந்தது. சுவரில் ஏதோ நிழல் விழுந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது. மேனேஜர் கை தட்டினார்.

“இதான்யா நம்ம கேமரா!”

“சார், அது கேமராவோட பலவீனம் சார். இருட்டுல அதால முடியல.”

“அதால முடியலன்னா அது கேமரா பிரச்சினை. நாம எதையாவது அழிச்சமா? திருத்துனாத்தான்யா தப்பு. கேமரா எப்படிப் பாத்துச்சோ அப்படிப் போட்டோம். எவன் நம்மளக் கேக்க முடியும்?”

கணக்குப் பிரிவு ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். மூலையும் சிரித்தான். அதுதான் வயிற்றெரிச்சல். ‘இது பொய் சார்’ என்ற மூன்று வார்த்தை அவன் வாயில் வரவில்லை, பல்லைக் காட்டுவது மட்டும் வந்தது. அன்றிலிருந்து வெளிச்சமான வீடுகளுக்குப் பெரிய கேமரா, அழுகிய வீடுகளுக்குச் சின்னக் கேமரா என்று ஆனது. ஒரு வீட்டு வாசலில் நின்று மோந்து பார்த்தே எந்தக் கேமராவை எடுப்பது என்று சொல்லுமளவுக்கு அவன் தேறிவிட்டான்.

அந்தப் பின்பக்க வீட்டின் படம் இணையத்துக்குப் போய்க் கொஞ்ச நாளில் அவன் அக்கா போன் செய்தாள். அக்கா வேறு ஊரில் தனியாக இருந்தவள். தையல்காரி. துணிக்கடைகளுக்கு அளவு திருத்திக் கொடுப்பது அவள் தொழில். சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். மூலையைவிட ரொம்பப் பெரியவள். அம்மா வேலைக்குப் போன நாட்களில் இவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். இந்த ஊர்க் கடை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது என்றும் வந்து இறங்கியே விட்டேன் என்றும் சொன்னாள்.

“எங்க இறங்கியிருக்க? சொல்லவே இல்லையே!”

“சொன்னா நீ வேலைய விட்டுட்டு வீடு தேடி அலைவ. நானே பாத்துட்டேன். உங்க கம்பெனி வீடுதான்டா. திருத்தாத படம்னு போட்டிருந்துச்சு. என் தம்பி எடுத்ததாச்சே, அதுல என்ன பாக்க வேண்டியிருக்குன்னு நேர்ல போய்க்கூடப் பாக்கல. கண்ண மூடிட்டு சரின்னுட்டேன்.”

எந்தத் தெரு, எந்த மாடி என்று கேட்டான். அவள் சொன்னாள். மூன்றாவது மாடி, பின்பக்க ஒற்றை அறை.

போய்ப் பார்த்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரர் ஒரு தண்ணிச் சுண்ணாம்பு அடித்துப் பூசி மெழுகியிருந்தார். ஈரவாடை மட்டும் அப்படியே இருந்தது. அக்கா தையல் மிஷினை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தாள். அதன் பக்கத்தில்தான் வீட்டின் ஒரே ஜன்னல் இருந்தது.

“மிஷின அந்தப் பக்கம் போட்டுக்கலாமே அக்கா.”

“அங்க வெளிச்சம் எங்கடா இருக்கு? ஊசில நூல் கோக்க வேணாமா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அக்கா, இந்த வீடு வேணாம், இந்தச் சுவர் முழுக்கப் பூசணம், நான் கண்ணால பாத்தேன்’ என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அடுத்த வாயில் அவள் கேட்பாள், பாத்துட்டுத்தான் இப்படிப் படம் எடுத்தியா என்று. வேலையும் போய்விடும். வேறு வீடு பார்த்துத் தரலாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தான். எப்படி அந்த டீ தொண்டையில் இறங்கியதோ.

முதல் மழைக்கே சுவர் தன் குணத்தைக் காட்டியது. மிஷினுக்குப் பின்னால் கடுகு தெளித்த மாதிரி ஆரம்பித்து, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு, பிறகு பழையபடி நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. அக்கா அடுப்புப் புகையோ, துணி காயப்போட்ட ஈரமோ என்று குழம்பினாள். மூலை குழம்பவில்லை. லீவு நாளெல்லாம் பிளீச்சிங் பவுடரும் கந்தல் துணியும் வாங்கிக்கொண்டு வந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவரைத் துடைத்தான். வழுக்கலாகக் கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகும். உமட்டிக்கொண்டு வரும். பூஞ்சையைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று பிரிக்க முடியாத உமட்டல் அது. வேறு வீடு ஒன்றும் அவன் பார்க்கவில்லை. பார்த்தால் ஏன் என்று அவள் கேட்பாளே.

அக்காவுக்கு அதில் ஒரே பெருமை. பக்கத்து வீட்டு அம்மாவிடம், “லீவுன்னா வீட்டுல படுத்துக் கிடக்கறவங்க மத்தியில என் தம்பி வந்து எனக்குச் சுவரு துடைக்கிறான்” என்று சொல்லிக்கொண்டிருப்பது அவன் காதில் விழும். துணியைப் பிழிந்து மறுபடி துடைப்பான்.

இளைப்பு அதிகமானது. முன்பெல்லாம் எப்போதாவது எடுக்கிற இன்ஹேலர் இப்போது மிஷின் மேலேயே இருந்தது. தைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று மூச்சு சீட்டியடிக்கும், கையை மிஷினில் ஊன்றிக் குனிந்துகொள்வாள். அவன் ஓடிப்போய் முதுகைத் தடவிக் கொடுப்பான். மூச்சு வந்ததும் அவள் நிமிர்ந்து, “நீ பக்கத்துல இருக்கறதே எனக்குத் தெம்புடா” என்பாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

டாக்டர் அவளிடம் வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அக்கா தம்பியிடம் சொல்லாமல் நேராகக் கம்பெனிக்கே புகார் எழுதிப் போட்டாள். தம்பி வேலை பார்க்கிற இடம், அவன் பெயர் இதில் அடிபடக் கூடாது என்று அவளுக்கு எண்ணம். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: குடிவருவதற்கு முன் எடுத்த திருத்தாத படத்தில் சுவர் சுத்தமாக இருக்கிறது, ஆகவே பூஞ்சை நீங்கள் குடியிருந்த லட்சணத்தால் வந்தது, சுவரைச் சரிசெய்துவிட்டு வீட்டைக் காலி செய்யவும். அவள் விடவில்லை. நேரில் வருகிறேன் என்றாள்.

மூலையைக் கூப்பிட்டபோது விஷயம் என்னவென்று அவனுக்குத் தெரியாது. மேனேஜர் அறைக்குள் நுழைந்தால் எதிர் நாற்காலியில் அக்கா. அவனை முன்பின் தெரியாத மாதிரி பார்த்தாள். அவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பார்வை என்று அவனுக்கு உடனே புரிந்தது. மேஜைத் திரையில் அவன் எடுத்த படம், நகத்தளவு சென்சாரின் அந்த மழமழத்த நிழல்.

“படம் எடுத்தவரே வந்துட்டாரு, கேட்டுக்கோங்கம்மா” என்றார் மேனேஜர். “பல வருஷமா இதே வேலை. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாக்கற ஆளு. என்னய்யா, அன்னைக்கு இந்தச் சுவர்ல பூசணம் ஏதாவது இருந்துச்சா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

அக்கா முந்திக்கொண்டாள். “அவரை எதுக்குங்க இழுக்கறீங்க? அவர் பாட்டுக்கு வந்தாரு, படம் எடுத்தாரு, போனாரு. அவருக்கென்ன தெரியும்?”

பேசி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது. பையில் இன்ஹேலரைத் தேடினாள். பூசணம் இல்லை என்று அவன் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும், அக்கா அவள் வீட்டை அவளே பாழாக்கியவள் ஆவாள், ஆனாலும் அவன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. அந்தக் கணக்கு தன் மண்டைக்குள் ஓடியதை நினைத்து அவனுக்கே காறித் துப்பவேண்டும் போல் இருந்தது.

“இருந்துச்சு சார்” என்றான். “சுவர் முழுக்க இருந்துச்சு. நீங்களும் கூடத்தானே இருந்தீங்க. மூக்கப் பொத்திக்கிட்டீங்களே.”

மேனேஜர் முகம் கறுத்தது. மூலை மேஜையைச் சுற்றிப் போய், கம்ப்யூட்டரில் அன்றைக்கு எடுத்த மற்ற படங்களைத் திறந்தான். ஃபுல் ஃப்ரேம் படம் திரை முழுக்க விரிந்தது. அறைக்குள் அந்த வாடையே வந்த மாதிரி இருந்தது.

“அம்மா, இத நம்பாதீங்க” என்றார் மேனேஜர் அவசரமாக. “இது வேற கேமரா. சென்சார் பெரிசு. கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பூதாகரமாக் காட்டும். இருட்ட நோண்டி நோண்டி எடுக்கும். மூணு கேமராலயும் எடுத்துப் பாத்துட்டு, சாதாரண மனுஷன் கண்ணுக்கு எது சரியா இருக்கும்னுதான் அந்தச் சின்னக் கேமரா படத்தத் தேர்ந்தெடுத்தோம். ஒரே நாள்ல எடுத்தது. நாங்க எதையும் திருத்தல.”

அக்கா மேனேஜரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மிஷின் நிற்கிற இடத்தை விரலால் தொட்டாள்.

“ஒரே நாளா?” என்றாள். பிறகு மூலையின் பக்கம் திரும்பினாள். “இந்தப் படத்தையும் நீதான் எடுத்தியா?”

‘நீ’ என்றதும் மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆமாக்கா.”

அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்தாள். மேனேஜர், “உக்காருங்கம்மா, பேசித் தீத்துக்கலாம்” என்று குழைந்தார். அந்த ஆள் அப்படிக் குழைந்து மூலை பார்த்ததே இல்லை. அக்கா காதில் வாங்காமல் வெளியே நடந்தாள்.

மூலை பின்னாலேயே ஓடினான். தன் வேலை போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும், அது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சில் ஒரு ஓரத்தில் லேசாகக்கூட இருந்தது. மாடிப்படி திருப்பத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். மூச்சு சீட்டியடித்தது. பழக்கத்தில் அவன் கை அவள் முதுகுக்குப் போனது.

“கைய எடு” என்றாள்.

எடுத்தான். அவள் இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்து, மூச்சு திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். குளியலறைச் சல்லடையில் முடிப்பந்தைப் பார்க்கிறவர்கள் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிருந்தது அவள் முகம்.

“நான் மூச்சு முட்டிக் கிடந்தப்பல்லாம் முதுகத் தடவிக் குடுத்தியே. அப்பவும் உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவன் நின்ற பக்கத்தை விட்டு விலகி, எதிர்ப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.